புள்ளியை விழுங்கும் பின்னணி

இணைய இதழின் பக்கத்துக்கு ஆசிரியர் தம் விருப்பப்படி நிறமேற்றுவதும், எழுத்தின் பின்னே நிழற்படம் விரிப்பதும் அவ்விதழுக்குத் தனி முகம் தருகின்றன என்ற வாதம் தொடர்ந்து முன்வைக்கப்படுகிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் பக்கத்தின் நிறம், எழுத்துரு, பின்னணிப் படம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளும் கருவியைப் பிளாகர் வலைப்பூச் சேவை 2010இல் வழங்கிய பின்னர் இது எவருக்கும் கைவந்த வேலையாயிற்று. வண்ண அட்டைக்கே செலவு தாங்காத சிற்றிதழ் மரபில் வந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. தேனியிலிருந்து 2006 முதல் வெளிவரும் முத்துக்கமலம் இணைய இதழ் காட்டியதுபோல, அச்சகமும் முகவரும் இல்லாமலே ஓர் ஊரின் இதழ் உலகத் தமிழரைச் சென்றடைய முடியும் என்னும்போது, அந்த ஊரின் மலையும் அணையும் பக்கத்தில் தெரிய வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. அவை எழுத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வதுதான் பிழை.

ஆண்டிபட்டிக்கு அருகிலுள்ள வைகை அணையின் மதகுகளில் நீர் நுரைத்துப் பாயும் படத்தைப் பின்னணியாக்கி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஒரு கவிதையை இட்டால் நேர்வதைக் கூர்ந்து நோக்கலாம். அணைச் சுவரின் நிழல்மேல் விழும் முதல் அடிகள் தெளிவாக நிற்கும். நுரையின்மேல் விழும் நடு அடிகளோ கரைந்துபோகும். அதே பக்கத்தைக் கைப்பேசியில் திறக்கும்போது படத்தின் இரு ஓரங்களும் வெட்டுப்பட்டு நுரை மட்டுமே எஞ்சுவதால், கணினியில் ஆசிரியர் பார்த்து மகிழ்ந்த அழகு வாசகரை வந்தடைவதே இல்லை.

தமிழ் எழுத்துக்கு இந்தத் தீங்கு மற்ற பல எழுத்துகளைவிடக் கடுமையானது. மெய்யெழுத்தைக் காட்டுவது தலைமேல் நிற்கும் ஒரு சிறு புள்ளி மட்டுமே. அது மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடுகிறது. 'கொடு' என்பதையும் 'கோடு' என்பதையும் வேறுபடுத்துவது கொம்பில் உள்ள ஒரு சுழி. 'எரி', 'ஏரி' ஆகியவற்றைப் பிரிப்பது அடியில் இறங்கும் ஒரு கீற்று. விண்மீனும் மழைத்துளியும் பூவிதழும் சிதறிக் கிடக்கும் பின்னணியில், எது எழுத்தின் புள்ளி, எது படத்தின் புள்ளி என்று கண் தடுமாறுகிறது. மெய்யெழுத்துக்கும் குறிலாகிய எகர ஒகரங்களுக்கும் தொல்காப்பியம் புள்ளி வகுத்திருந்தும், ஓலை கிழியும் என்று ஏடெழுதியோர் அதை விட்டுவிட்டனர் என்பர். ஒகரமா ஓகாரமா, உயிர்மெய்யா மெய்யா என்று சொல்லுக்குச் சொல் தேர்ந்து தெளிய வேண்டிய சுமை, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் மீது விழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக் குறி தந்ததும், அச்சு புள்ளியை நிலைநிறுத்தியதும் தீர்த்துவைத்த அந்த இடரை, இன்றைய பின்னணிப் படம் அலங்காரத்தின் பெயரால் திரும்பக் கொண்டுவருகிறது. ஓலையில் கீறிய எழுத்தின்மேல் கரியும் இலைச்சாறும் பூசி அதைக் கருமையாக்கிய ஏடெழுதுவோருக்கு இருந்த அக்கறை கூட இங்கே இல்லை.

நிறத்தைக் கவனமாகத் தேர்ந்தால் போதும் என்பாரும் உளர். வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்புலத்தின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் சிற்றெழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்க வேண்டும் என்று 2008இல் வரையறுத்தது. அந்த அளவுகோலில், நீலத்தின்மேல் இட்ட சிவப்பு எழுத்து ஏறத்தாழ 2.15 மட்டுமே பெறுகிறது. வெள்ளைமேல் மஞ்சள் 1.07இல் நின்றுவிடுகிறது. ஒரே நிறப் பின்புலத்தை இவ்வாறு அளந்து திருத்திவிடலாம். நிழற்படத்திலோ ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்குமே விகிதம் மாறுவதால், எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் எங்கோ ஓரிடத்தில் சில சொற்கள் பலியாகின்றன. படத்தை மங்கலாக்கி எழுத்தைக் காப்பாற்றுவோர், அப்படத்தை அங்கே வைத்த காரணத்தையே அழித்துவிடுகின்றனர். எழுத்தையும் படத்தோடு சேர்த்து ஒரே படமாக்கி வெளியிடும் வழக்கம் இன்னும் கொடியது: பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், அதாவது திரையின் உரையைக் குரலாக்கித் தரும் மென்பொருள், அதில் உள்ள சொற்களைச் சரிவரப் படிக்க இயலாது, தேடுபொறியிலும் அக்கவிதை எளிதில் அகப்படாது.

ஆண்டிபட்டியை அடுத்த ஜக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் தறிகளில் நெய்யப்படும் சேலைக்குக் கரையும் முந்தியும் இருப்பதுபோல, இதழின் பக்கத்துக்கும் தலைப்புப் பட்டையும் ஓரங்களும் உண்டு. ஊரின் மலை, அணை, ஆசிரியரின் விருப்ப நிறம் யாவும் அங்கே தாராளமாக அமையலாம். இதழின் தனி முகம் அதில் வெளிவரும் எழுத்தால் அமைகிறது. அந்த எழுத்தைப் படிக்கவிடாத அலங்காரம் எத்தனை அழகாயினும் குற்றமே. எழுத்து நிற்கும் இடத்தில் படம் விரிக்கும் உரிமை எந்த இதழாசிரியருக்கும் கிடையாது. இதுவரை அவ்வாறு வெளியிட்டவர்கள் தம் பழைய பக்கங்களிலிருந்தும் அந்தப் படங்களை நீக்கிவிட வேண்டும்.