காடும் சொல்லும்: ‘அன்பிற்குரிய அமேசான்’ மடலை மீண்டும் வாசிக்கையில்

திருச்சபையின் ஏடுகளை இலக்கியக் கண்ணோடு வாசிக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. கொள்கை என்ன, கட்டளை என்ன என்று தேடிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 பிப்ரவரி 2 அன்று கையெழுத்திட்ட ‘கேரிதா அமசோனியா’, அதாவது ‘அன்பிற்குரிய அமேசான்’ என்னும் திருத்தூது அறிவுரை மடலுக்கும் இக்கதியே நேர்ந்தது. குருக்கள் அரிதாகிவிட்ட அமேசான் பகுதிகளில் மணமான ஆடவர்க்குக் குருத்துவம் அளிக்கலாம் என்று 2019 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் பரிந்துரைத்திருந்தது. மடல் வெளிவந்தபோது அதற்குரிய விடையையே பலரும் தேடினர். நாமும் அவ்வாறே பக்கங்களைப் புரட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை. நேரான விடை அங்கு இல்லை. மடலை ஒதுக்கி வைத்தோம். திருத்தந்தை 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த பின்னரே, அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை நிதானமாக வாசிக்கலானோம்.

111 பத்திகள் கொண்ட இம்மடல் நான்கு கனவுகளாக அமைந்துள்ளது. சமூகக் கனவு, பண்பாட்டுக் கனவு, சூழலியல் கனவு, திருச்சபைக் கனவு என்பன அவை. திருத்தந்தையரின் மடல்களில் அரிதாகக் காணும் ஒரு புதுமை இதில் உண்டு. பாப்லோ நெரூதா, வினீசியஸ் டி மொராயஸ் முதலிய கவிஞர்கள் இதில் சான்றாளர்களாக வருகின்றனர். ஆற்றையும் காட்டையும் பேசுமிடத்தில் ஆசிரியர் கவிதையின் துணையை நாடுகிறார். காட்டை வெறும் பயன்பொருளாகக் காணும் நோக்கிலிருந்து நம்மை விடுவிக்கக் கவிஞர் உதவுவர் என்பது அவர் நம்பிக்கை. நிலத்தையும் வாழ்வையும் பிரிக்காது திணை வகுத்த மரபில் வந்த நமக்கு இந்நம்பிக்கை அயலானதன்று.

ஒரு பண்பாடு மறைவது, ஓர் உயிரினம் மறைவதற்கு நிகரான, சிலவேளை அதனினும் பெரிய இழப்பு என்று 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் உணர்த்தியது. அப்பொதுக் கருத்தை ஒரு குறிப்பிட்ட மண்ணில் ஊன்றி வைப்பதே பிந்திய மடலின் பெருஞ்சிறப்பு. பழங்குடிப் பண்பாட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. வரலாறற்றதாய், கலப்பற்றதாய் ஒரு பண்பாட்டை உறையவைப்பதை வெளிப்படையாகவே மறுக்கிறது. ஒரு பழங்குடிச் சமயச் சின்னத்தைக் கண்டதும் சிலைவழிபாடு என்று அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம் எனவும் எச்சரிக்கிறது. இவ்விரண்டும் துணிவான சொற்கள்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் விட இயலவில்லை. காடும் பண்பாடும் ஒன்றே என்று மடல் உரைக்கிறது. உரைத்துவிட்டு இரண்டையும் இரு அதிகாரங்களாகப் பிரித்துவிடுகிறது. இரண்டாம் அதிகாரத்தில் மக்களின் வேர்களும் கதைகளும் வருகின்றன. மூன்றாவதில் நீரும் மண்ணும் மரங்களும் வருகின்றன. இவை இரண்டும் ஒன்றாய்க் கலக்கும் ஓர் அன்றாடக் காட்சி நம் கண்முன் விரிவதில்லை.

அத்தகைய காட்சி அமேசானில் இல்லாமற் போகவில்லை. பிரேசிலின் வடமேற்கில் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் வாழும் பழங்குடிப் பெண்களின் மரவள்ளித் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சந்தையில் குவிந்து கிடக்கும் மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்க மண்ணிலிருந்து வந்ததே. அங்கே ஒரே தோட்டத்தில் பற்பல வகைகளைப் பெண்கள் பேணுகின்றனர். ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயர் உண்டு. கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. அதைத் துருவி, நீண்ட பின்னற்குழாயில் இட்டுச் சாறு பிழிந்து, சூட்டில் வாட்டி உணவாக்கும் அறிவு தலைமுறை தலைமுறையாய் வந்தது. அப்பகுதியின் துக்கானோ முதலிய மக்களிடையே, வேறு மொழி பேசும் குழுவில்தான் மணம் முடிக்க வேண்டும் என்ற மரபு உண்டு. மணமாகி வருபவள் தன் மொழியோடு வருகிறாள். தாயும் மாமியாரும் அவளுக்குக் கிழங்குக் குச்சிகளைத் தருகின்றனர். மொழியின் பன்மையும் பயிரின் பன்மையும் ஒரே இல்லத்தில் சந்திக்கின்றன. இவ்வேளாண் முறையைப் பிரேசில் அரசு 2010இல் தேசியப் பண்பாட்டு மரபாக ஏற்றது.

திருத்தந்தையின் மடலில் கிழங்குக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். கடுகு விதையையும் புளிப்பு மாவையும் கொண்டு விண்ணரசை விளக்கியவர் நம் ஆண்டவர். சிறு பொருளில்தான் பெரிய உண்மை கைக்கு எட்டுகிறது.

இதனினும் கனமான ஒன்று உண்டு. மறைப்பணியாளர்கள் எப்போதும் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கவில்லை என்று மடலின் 19ஆம் பத்தி ஒப்புக்கொண்டு, வெட்கத்தோடு மன்னிப்பும் கேட்கிறது. அது உண்மையான மன்னிப்பே. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அதே ரியோ நீக்ரோவில், நம் மறைப்பணி விடுதிப் பள்ளிகளில் குழந்தைகள் தாய்மொழி பேசத் தடை இருந்தது. பல குடும்பங்கள் கூடிவாழ்ந்த நீண்ட பொதுவீடுகளைக் கைவிடச் செய்தவர்களும் நம்மவர்களே. அப்பத்தி இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் ‘பாவம் செய்தேன்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது என்று மக்களுக்குக் கற்பிக்கும் நாம், இதை உணராதிருக்க முடியாது.

அத்தடையின் விலை என்ன? 2021இல் வெளியான ஓர் ஆய்வு வட அமெரிக்கா, வடமேற்கு அமேசான், நியூ கினி ஆகிய மூன்று பகுதிகளின் மூலிகை அறிவை ஆராய்ந்தது. மூலிகைப் பயன்களில் 75 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை ஒரே ஒரு மொழியினருக்கு மட்டுமே தெரிந்தவை என்று அது கண்டது. செடி காட்டில் நிற்கும். அது எதற்கு மருந்து என்று சொல்லும் வாய் மூடியிருக்கும். ஆகவே, ஒரு குழந்தையின் நாவைக் கட்டியது பண்பாட்டுக் குற்றம் மட்டுமன்று, படைப்புக்கு எதிரான குற்றமுமாகும். இம்முடிவிற்கு மடல் நம்மை வாயில்வரை அழைத்துச் செல்கிறது; உள்ளே நாமாகத்தான் நுழைய வேண்டும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அதே ஆற்றங்கரையில் உள்ள சாவோ கேப்ரியல் டா கசோயெய்ரா நகராட்சி, 2002இல் துக்கானோ, பனிவா, நெங்காத்து ஆகிய மொழிகளைப் போர்த்துக்கீசியத்தோடு ஆட்சிமொழிகளாக ஏற்றது. விடுதிப் பள்ளியில் அடக்கப்பட்ட மொழிக்கு நகராட்சி மன்றத்தில் இருக்கை கிடைத்தது.

தொடக்க நூலில் கடவுள் உயிரினங்களை மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுகிறான் என்று பார்க்கிறார். பெயரிடுதல் ஆளும் உரிமை என்றே நெடுங்காலம் மறையுரை ஆற்றிவந்தோம். இம்மடலை அந்தத் தோட்டத்தோடு சேர்த்து வாசித்தபின், அது காக்கும் கடமை என்று தோன்றுகிறது. குறையிருந்தும் இது நம் காலத்தின் நல்லேடுகளுள் ஒன்று. வாசக அன்பர்கள் இதன் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களைத் தனித்தனியே வாசியாமல், ஒரே மூச்சில், ஒரே கனவாக வாசிப்பார்களாக.