தோற்றுப்போன மல்லனுக்கு ஒரு நாவல்

வட ஐரோப்பியப் புராணத்தின் இடித் தேவன் தோர், அரக்கர் அரண்மனையில் பந்தயம் பந்தயமாகத் தோற்கிறான். அவனால் குடித்துத் தீர்க்க முடியாத கொம்புக் கோப்பையின் மறுமுனை கடலில் இருந்தது. தூக்க முடியாத பூனை, உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு. அவனை மண்டியிட வைத்த கிழவி, முதுமையேதான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டர்லுசன் எழுதிவைத்த கதை இது. தேவர்களும் தோற்பார்கள் என்பதாலேயே சிறார் நாவலாசிரியர்கள் இந்தப் புராணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நீல் கெய்மன் 2008இல் எழுதிய சிறு நாவலில், கால் நொண்டும் சிறுவன் ஆட், கரடியாகவும் நரியாகவும் கழுகாகவும் மாறித் தவிக்கும் தேவர்களுக்குக் கைகொடுக்கிறான். ரிக் ரியோர்டனின் ‘மேக்னஸ் சேஸ்’ வரிசை 2015இல் தொடங்கியது. நாயகன் பாஸ்டன் தெருவில் படுத்துறங்கும் பையன். நெருப்பரக்கன் அவனைத் தேடி வருவதும் அந்த ஊர்ப் பாலத்துக்கே. இதே துணிச்சலோடு ரோஷனி சோக்ஷி 2018இல் ‘ஆரு ஷா’வில் பாண்டவர்களை அமெரிக்கப் பள்ளிச் சிறுமிகளாகப் பிறக்கவைத்தார்.

தமிழிலும் வறட்சி இல்லை. ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ இமயம் ஏறியது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடிக்குப் போனது. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு 2025இல் அதே விருது.

சிங்கப்பூரிலோ, சரக்கு ஆற்றுமுகத்திலேயே கிடக்கிறது. பழைய மலாய் நூலான ‘செஜாரா மெலாயு’ சொல்லும் பாடாங், ஓர் அடிமை. தன் வலையில் மீன் திருடிய பூதத்தைப் பிடித்து, அது கக்கியதைத் தின்று மாபலம் பெற்றவன். (இந்த இடத்தை நம் பதிப்பாசிரியர்கள் முதலில் வெட்டுவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவதே அதுதான்.) அவன் புகழ் கேட்டுக் ‘கெலிங்’ நாட்டரசன், அதாவது நம் பக்கத்து ராஜா, தன் மல்லனைக் கப்பலேற்றி அனுப்புகிறான். பெரும்பாறை ஒன்றை அந்த மல்லன் முழங்கால்வரை தூக்கிப் போட்டுவிடுகிறான். பாடாங் அதை ஆற்றின் வாய்க்கே வீசுகிறான்.

அந்த இடத்தில் புரியாத எழுத்துகளோடு ஒரு பாறை உண்மையாகவே நின்றது. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஸ்டாம்ஃபோர்டு சாலையில், தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். எழுத்தை இன்றுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. கற்பனைக் கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாடாங் கதையை வென்றவன் பக்கமிருந்தே சொல்லிப் பழகிவிட்டார்கள். தோற்றவன் நம் ஆள். தோரைப்போல அவனும் பந்தயத்தில் ஏமாற்றப்பட்டானா, பாறையில் எழுதியது அவன்தானா? ரியோர்டன் பாஸ்டனுக்குச் செய்ததைத் தேக்காவுக்குச் செய்ய இந்த ஒரு மல்லன் போதும். நீதி சொல்லும் குட்டிக் கதைகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களே, அவன் ஊர் திரும்பவில்லை என்று முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.