உளச் சிகிச்சை: திரையில் காண்பதும் அறையில் நடப்பதும்

அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் உட்புறத்தை நம்மில் பலர் கண்டதில்லை. ஆயினும் அங்கு என்ன நடக்கும் என்பது நமக்கு ஓரளவு தெரியும். போய் வந்த உறவினர் ஒருவராவது தையல் தழும்பைக் காட்டிக் கதை சொல்லியிருப்பார். உளச் சிகிச்சை அறையின் நிலை வேறு. அங்கு போய் வந்தவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆகவே அந்த அறையைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி திரைப்படங்கள் கற்பித்ததே.

அந்தப் பாடம் சரியானதுதானா? பலரும் பார்த்த இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்போம். முதலில் ஒரு விளக்கம். பயிற்சி பெற்ற ஒருவருடன் முறையாகப் பேசியும் பழகியும் மனத்துயரைக் குறைத்துக்கொள்ளும் வழியே உளச் சிகிச்சை. ஆங்கிலத்தில் இதனைச் சைக்கோதெரபி என்பர்.

சந்திரமுகி: ஒரே இரவில் குணம்

பி. வாசு இயக்கத்தில் 2005-இல் வெளிவந்த 'சந்திரமுகி', 1993-இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' என்னும் மலையாளப் படத்தை அடியொற்றியது. சென்னை சாந்தி திரையரங்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய படம் இது. ஆதலால் உளமருத்துவர் என்றதும் இப்படத்தின் சரவணனே பலருக்கு நினைவில் வருவார்.

இப்படத்தின் நற்பணியை முதலில் ஒப்புக்கொள்வோம். கங்காவைப் பிடித்திருப்பது பேயன்று, நோய் என்று ஒரு மருத்துவர் வாயிலாகச் சொல்ல வைத்தது சிறிய செயலன்று. ஆனால் நோய் என்று சொன்ன படம், நோயைத் தீர்க்கும்போது மறுபடியும் பூசைக் கூடத்திற்கே போய்விடுகிறது. புகை, மந்திரம், ஆட்டம், பாட்டு ஆகியவற்றுக்கு நடுவே ஆளுக்குப் பதில் பொம்மையை மாற்றிவைத்து, அவளது பழிவாங்கும் வெறியைத் தீர்த்துவைக்கிறார்கள். அத்துடன் நோய் போயிற்று!

இக்கற்பனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1895-இல் பிராயர், பிராய்டு ஆகிய இருவரும் ஹிஸ்டீரியா பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். உள்ளே அடைபட்டுக் கிடக்கும் உணர்ச்சியை வெளியே கொட்டிவிட்டால் நோய்க்குறி நீங்கும் என்பது அந்நூலின் கருத்து. கொதிகலத்தின் அடைப்பானைத் திறந்து நீராவியை வெளியேற்றுவது போன்ற கணக்கு அது. பிராய்டே பின்னர் அதனைக் கடந்து வேறு முறைகளுக்குச் சென்றுவிட்டார். படமோ நூறாண்டுக்கு முந்திய அந்தக் கொதிகலத்தோடு நின்றுவிட்டது. படத்தில் பேசப்படும் 'பிளவுபட்ட ஆளுமை'க்குச் சிகிச்சை அளிப்பவர்கள் அதனை ஆண்டுக் கணக்கில் நடைபெறும் வேலையாகவே கருதுகிறார்கள்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கங்காவுக்கு என்ன நோய் என்பது கணவனுக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், படம் பார்க்கும் நமக்கும் தெரியும். கங்காவுக்கு மட்டும் தெரியாது! அவளைக் கேளாமலே அவளுக்குச் சிகிச்சை நடக்கிறது. மெய்யான உளச் சிகிச்சையில் நோயாளியே பாதி வேலையாள். அவருக்குத் தெரியாமல் அதனைச் செய்ய இயலாது.

குட் வில் ஹண்டிங்: ஓர் அணைப்பில் குணம்

1997-இல் வந்த 'குட் வில் ஹண்டிங்' என்னும் அமெரிக்கப் படம் எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தது. எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தில் தரை துடைக்கும் இளைஞன் வில், பேராசிரியர்களைத் திணறடிக்கும் கணக்கைத் தீர்த்துவிடுகிறான். அடிதடி வழக்கில் சிக்கிய அவனை, உளச் சிகிச்சைக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் வெளியே விடுகிறார்கள். சிகிச்சையாளர் ஷானாக நடித்த ராபின் வில்லியம்சுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இப்படம் சில உண்மைகளை அழகாகக் காட்டுகிறது. வில் வாய் திறக்க மறுக்கிறான். ஒரு சந்திப்பு முழுவதும் இருவரும் பேசாமலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஷான் அவசரப்படவில்லை. நம்பிக்கை வளராமல் எந்த முறையும் பயன் தராது என்பதை உளவியலார் இன்றும் வலியுறுத்துகிறார்கள். இந்த இடத்தில் படத்திற்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் அதே ஷான் முதற் சந்திப்பிலேயே வில்லின் கழுத்தைப் பிடிக்கிறார். அவனைப் பற்றிக் கணிதப் பேராசிரியருடன் விவாதிக்கிறார். இவை இரண்டும் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானவை. இறுதியில், இளம் வயதில் பட்ட அடிகளுக்கு அவன் பொறுப்பல்லன் என்று ஷான் திரும்பத் திரும்பச் சொல்ல, வில் உடைந்து அழுகிறான், இருவரும் தழுவிக்கொள்கிறார்கள், சிகிச்சை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. காட்சி நம்மையும் கலங்க வைக்கிறது. என்றாலும் அழுதுவிட்டால் குணம் என்னும் பாடம், சந்திரமுகியின் பழைய கொதிகலமே வேறு உருவில் வந்தது.

அறையில் நடப்பது என்ன?

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் தேர்வு அச்சத்தால் உறக்கமிழந்து, ஒரு சிகிச்சையாளரிடம் இரண்டு முறை போனார். மூன்றாம் முறை போகவில்லை. "ஒன்றுமே செய்யவில்லை சார், கேள்விதான் கேட்டார்" என்றார். அவர் எதிர்பார்த்தது ஒரு திரைக்காட்சி. கிடைத்ததோ ஒரு தொடக்கம். தவறான எதிர்பார்ப்பினால் வரும் இழப்பு இதுவே.

அப்படியானால் எதனை எதிர்பார்க்கலாம்? ஒரு சந்திப்பு பொதுவாக 45 முதல் 60 நிமிடம். அரசு மருத்துவமனையில் கூட்டம் மிகுந்தால் இது குறையக்கூடும். முதற் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளிலேயே கழியும். துன்பம் எப்போது தொடங்கியது, உறக்கம், உணவு, குடும்பம், உடல்நோய்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பவையெல்லாம் கேட்கப்படும். அதன்பின் எதனை மாற்ற விரும்புகிறீர்கள் என்று இருவரும் சேர்ந்து ஒரு குறிக்கோளை வகுப்பீர்கள். எத்தனை வாரம், என்ன முறை, என்ன கட்டணம் என்று நீங்களும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இன்று பரவலாக உள்ள ஒரு முறையை 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கினார். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் முறை அது. இயற்பியல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். "வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள்" என்று ஒருவர் அஞ்சுகிறார் என்க. இதனை ஒரு கருதுகோளாக எழுதச் சொல்வார்கள். எத்தனை பேர் சிரிப்பார்கள், அதனை எத்தனை விழுக்காடு நம்புகிறீர்கள் என்றும் குறிக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்து, நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும். கருதுகோளும் நோக்கீடும் ஒத்துவருகின்றனவா என்று அடுத்த சந்திப்பில் ஒப்பிடுவார்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் நாம் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. இப்படிப் பன்னிரண்டு முதல் இருபது வாரம் வரை நடக்கும். தொடக்கத்தில் மனம் முன்னைவிடக் கனப்பதும் உண்டு. மூடிவைத்ததைத் திறந்து பார்ப்பதால் வரும் கனம் அது. அதனையும் சிகிச்சையாளரிடமே சொல்லிவிடவேண்டும்.

இதனால் பயன் உண்டா?

அறிவியல் வாசகர் கேட்கவேண்டிய கேள்வி இது. 1952-இல் ஐசங்க் என்னும் இலண்டன் உளவியலார், நரம்புத் தளர்ச்சி உடையோரில் மூன்றில் இரு பங்கினர் சிகிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று எழுதிப் பரபரப்பூட்டினார். கசப்பான கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. சிகிச்சை பெற்றோரைப் பெறாதோருடன் ஒப்பிட்ட ஆய்வுகள் அதன்பின் பெருகின. 1977-இல் ஸ்மித், கிளாஸ் ஆகிய இருவரும் அத்தகைய 375 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதோரில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்பது அவர்கள் கண்ட முடிவு. எல்லாருக்கும் உறுதியான குணம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பயனில்லை என்று தள்ளவும் இயலாது.

எல்லா நோய்க்கும் பேச்சு மட்டும் போதாது. மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றுக்கு மருந்து இன்றியமையாதது. உளச் சிகிச்சை அதற்குத் துணை நிற்கும். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. சொன்னது வெளியே போகுமோ என்ற அச்சம் இயல்பே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்த இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டுமே விலக்கு. நாலைந்து சந்திப்புகளுக்குப் பின்னும் ஒத்துவரவில்லை எனில் வெளிப்படையாகச் சொல்லி வேறொருவரை நாடலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இரண்டு படங்களையும் பாருங்கள். நடிப்பையும் பாட்டையும் இரசியுங்கள். ஒரு வாரப் பதிவையும் மறுவாரப் பதிவையும் பொறுமையாக ஒப்பிடும் இருவரைத் திரையில் காட்டினால் கூட்டம் சேராது என்பது இயக்குநர்களின் சங்கடம். ஆனால் உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ அந்த அறைக்குப் போகும் தேவை வந்தால், மூன்றாவது சந்திப்புக்கும் தவறாமல் செல்லுங்கள். வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும்.