விதியா, அனுபவக் குறைவா?

1999ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம், மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்கு அருகே அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அவரும், அவருடைய மனைவியும், மனைவியின் அக்காளும் மாண்டனர்.

இதைப் பற்றி எழுதியவர்களுள் ஒரு சாரார் ‘கென்னடி குடும்பத்தின் சாபம்’ என்றனர். மற்றொரு சாரார் ‘அனுபவம் போதாதவர்’ என்று முடித்துவிட்டனர். முதல் விளக்கம் எதையும் விளக்கவில்லை, அதை விட்டுவிடுவோம். இரண்டாவது விளக்கம் உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அந்தப் பாதியோடு நின்றுவிடுவது ஆபத்தானது என்பதே என் குறை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. கென்னடி ஏறத்தாழ 310 மணி நேரம் பறந்தவர். அதில் 55 மணி நேரம் இரவில். ஆனால் கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் தகுதிச் சான்று அவரிடம் இல்லை. உடன் வர முன்வந்த பயிற்றுநரையும் அவர் அழைத்துச் செல்லவில்லை. கடல்மேல் இருளும் மூட்டமும் சூழ்ந்திருந்தன. இறுதியில் விமானம் வலப்புறம் திரும்பியவாறே, நிமிடத்துக்கு 4,700 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கியது. காரணம், திசையும் நிலையும் பற்றிய உணர்வுத் தடுமாற்றம் என்றது வாரியம்.

அது ஏன் நேர்கிறது? பேருந்து வளைவில் திரும்பும்போது நாம் ஒரு பக்கம் சாய்கிறோம். விமானமோ தானே சாய்ந்து திரும்புகிறது. ஈர்ப்பும் மையவிலக்கு விளைவும் சேர்ந்த தொகுபயன் நேராக விமானத்தின் தரையை நோக்கியே அமைகிறது. கூரையிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது பூமியைக் காட்டாது. விமானத்தின் தரையைத்தான் காட்டும். உயரம் குறையாமல் 30 பாகை சாய்ந்து திரும்பும்போது எடை 15 விழுக்காடுதான் கூடும். 60 கிலோ உள்ளவர் 69 கிலோ போல் உணர்வார், அவ்வளவே.

காதின் உள்ளே இருக்கும் அரைவட்டக் குழல்களும் உதவா. ஒரே சீராகச் சுழன்றால், சில விநாடிகளில் குழலுக்குள் உள்ள திரவமும் உடன் சுழலத் தொடங்கிவிடும். சுழலும் உணர்வு மறைந்துவிடும். பிறகு விமானத்தை நிமிர்த்தினால் எதிர்ப்புறம் சாய்வதாகத் தோன்றும். விமானி மீண்டும் பழைய பக்கமே சாய்ப்பார். உயரம் குறைவதைக் கண்டு மூக்கை மட்டும் உயர்த்த முயன்றால், சாய்ந்த விமானம் மேலும் இறுக்கமாகச் சுழலும்.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வையின்றிப் பறக்கச் செய்து சோதித்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 விநாடிகளில்! சில மணி நேரப் பயிற்சிக்குப் பின் அவர்களே விமானத்தைப் பாதுகாப்பாகத் திருப்பக் கற்றனர். பயிற்சி அவர்களுடைய காதைத் திருத்தவில்லை. காதை நம்பாமல் கருவியை நம்பக் கற்பித்தது.

ஆகவே ‘அனுபவம்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது போதாது. தெளிந்த வானில் ஆயிரம் மணி நேரம் பறந்தவரும், கருவிகளைப் படிக்கும் பழக்கம் இல்லையென்றால், மூட்டத்துக்குள் ஏமாறுவார். எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்கள், எத்தகைய மணி நேரம் என்றும் கேட்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, சாய்வுக் கோணச் சூத்திரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறீர்கள். ‘என் உடம்புக்குத் தெரியாதா?’ என்ற நம்பிக்கையை உடைப்பதும் அதே சூத்திரம்தான். அன்றிரவு அந்த உண்மையை அறிவதோடு, அதை நம்பும் பழக்கமும் தேவைப்பட்டது.