பாலமுனையில் ஒரு கவி வீடியோவான கதை

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரேயொரு குழுச் செயற்றிட்டம்தான் கொடுக்கலாம் என்றால் எதைக் கொடுப்பது? என்னிடம் கேட்டால் ஒரு நொடியும் யோசிக்க மாட்டேன். பாட்டு வீடியோ எடுக்கக் கொடுங்கள்! பாலமுனைப் பிள்ளைகள் அப்படியொன்றை எடுத்தபோது கூடவே நின்று பார்த்தவன் நான். அந்தச் சந்தோசம் இன்னும் அடங்கவில்லை. காணுகிற ஆளிடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அக்கரைப்பற்று தொடங்கிக் கல்முனை வரை கலியாண வீடியோ எடுப்பது என் தொழில். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஒருநாள் தேடி வந்தார்கள். “காக்கா, நாங்க ஒரு பாட்டு வீடியோ எடுக்கப் போறம். நீங்க வந்து பாருங்க. ஆனா கெமராவ நாங்கதான் புடிப்பம்” என்றார்கள். அந்த ஒரு வசனத்திலேயே நான் மயங்கிவிட்டேன். கெமரா என்று அவர்கள் சொன்னது, தங்களிடமிருந்த கைப்போன்களை.

குழுச் செயற்றிட்டம் என்றால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இரவிரவாக எழுதும், மற்றவர்களின் பெயர்கள் முன்பக்கத்தில் ஏறும், அழகான மட்டை போட்டுக் கோப்பு ஒப்படைக்கப்படும். பாட்டு வீடியோவில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பாடுகிற பிள்ளை கெமராவுக்குப் பின்னால் நிற்க முடியாது. கெமரா பிடிக்கிற பிள்ளையால் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஸ்பீக்கரில் பாட்டைச் சரியான இடத்திலிருந்து போட ஒருவர் வேண்டும், எந்த ஷொட் முடிந்தது எது மிச்சம் என்று குறிக்க ஒருவர் வேண்டும், றோட்டில் வருகிற மோட்டார் சைக்கிளை மறிக்கவும் ஒருவர் வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ஸ்பீக்கருக்குப் பொறுப்பானான். அன்றைக்கு அவன் கைகாட்டாமல் ஒருவரும் அசையவில்லை!

முதலில் ஒரு சினிமாப் பாட்டுக்கு நடிப்பதாகத்தான் யோசனை. அதை மாற்றியது வேறொரு பாட்டு. 2021 இல் வந்து உலகம் முழுக்கச் சுற்றிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யை அவர்கள் எல்லாரும் கேட்டிருந்தார்கள். அதைப் பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதும், அந்தப் பாட்டின் ஊற்று அந்தப் பாட்டிதான் என்பதும் வகுப்பில் பேச்சாக வந்ததாம். உடனே ஒரு பிள்ளை எழும்பி, “எங்கட மூத்தம்மாவும் கவி படிப்பா” என்று சொல்லியிருக்கிறாள். அந்த நிமிடத்தில் சினிமாப் பாட்டு கைவிடப்பட்டது. என்ன அருமையான முடிவு! சினிமாப் பாட்டை எடுத்தால் இணையத்தில் ஏற்றும்போது உரிமைப் பிரச்சினை வரும். பரம்பரையாக வாயில் வந்த கவிக்கு உரிமை கோர யார் வரப்போகிறார்?

கவி என்பது இந்தக் கரையின் சொத்து. நாலே அடி. வயலில் காவலுக்கு இருந்தவர்களும், வேளாண்மை வெட்டியவர்களும், வீட்டு வாசலில் பாய் இழைத்த பெண்களும் படித்தது. காதலும் பிரிவும் கோபமும் நையாண்டியும் எல்லாம் அந்த நாலடிக்குள் அடங்கிவிடும். ஒருவர் படித்தால் மற்றவர் எதிர்க்கவி படிப்பார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் இந்த நாட்டார் கவிகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். ‘தோட்டுப்பாய் மூத்தம்மா’ என்று ஒரு குறுங்காவியமே எழுதிய பாலமுனை பாறூக் இதே ஊர்க் கவிஞர். 1947 இல் ‘யாழ் நூல்’ தந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவும் இதே கரையில், வடக்கே கொஞ்சத் தூரம்தான். பாட்டைத் தேடிப் போவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இந்தப் பிள்ளைகள் அந்த வேலையைப் போனில் செய்தார்கள், அவ்வளவுதான்.

வாத்தியங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. வீட்டிலும் ஊரிலும் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பிள்ளைகள் யோசித்தார்கள். கடைசியில் எடுத்த முடிவு இது: மனிதக் குரல், றபான், களிகம்பாட்டக் கம்புகளின் சத்தம். இவை மட்டும். கீபோர்ட் இல்லை, கிற்றார் இல்லை. அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. கம்பும் கம்பும் மோதுகிற அந்தச் சத்தத்துக்கு மேலே மூத்தம்மாவின் குரல் எழும்பும்போது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எந்த ஸ்டூடியோவில் போய் இந்தச் சத்தத்தை வாங்குவது?

குரலைப் பதிவு செய்தது மூத்தம்மாவின் அறையில். காற்றாடியை நிறுத்தி, யன்னல்களை மூடி, சுவர் ஓரமாக மெத்தைகளை நிமிர்த்தி, கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். வெறும் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைத் துணி குடித்துவிடும் என்பதைப் பாடப்புத்தகம் எத்தனை தரம் சொன்னாலும், கைதட்டிப் பார்த்து வித்தியாசத்தைக் காதால் கேட்ட பிள்ளை அதை மறக்காது. முதலில் மூத்தம்மா வெட்கப்பட்டா. பிறகு கவி ஒன்றன்பின் ஒன்றாக ஊறி வரத் தொடங்கியது. கடைசியில், “இன்னொருக்காப் படிக்கட்டா மனே?” என்று அவவே கேட்டா. அறை முழுக்கச் சிரிப்பு!

படப்பிடிப்புக்குக் கடற்கரை. கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். விடியற்காலை வெளிச்சம் பொன்னாக இருக்கும். ஆனால் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் கறுத்துப்போகும். அதற்குப் பிள்ளைகள் கொண்டுவந்தது ரெஜிபோம் பலகை. இரண்டு பேர் அதைப் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பினார்கள். பணம் கொடுத்து வாங்கிய என்னுடைய ரிஃப்லெக்டர் செய்கிற அதே வேலையைத்தான் அந்த ரெஜிபோம் செய்தது. கெமராவை ஓடவிட ஒரு தள்ளுவண்டில். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் குலுங்காது என்று கண்டுபிடித்தவன் சைக்கிள் கடைக்காரரின் மகன். மேற்கே வயல் பக்கம் போனால், வரம்பில் அந்த வண்டில் போகாது. அங்கே ஒருவனின் தோளைப் பிடித்து மற்றவன் பின்பக்கமாக நடந்து நடந்து எடுத்தான்.

அவர்களுடைய ஒரு வித்தையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அலையும் சால்வையும் மெதுவாக அசைய வேண்டும், ஆனால் பாடுகிறவனின் வாய் பாட்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். எப்படி? பாட்டை ஸ்பீக்கரில் இரண்டு மடங்கு வேகத்தில் போட்டார்கள். பையன் அந்த வேகத்துக்கே வாயசைத்தான். போன் நொடிக்கு 60 படம் எடுத்தது. பிறகு அதை நொடிக்கு 30 ஆகக் குறைத்து ஓடவிட்டார்கள். வாய் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. அலையோ ஆற அமர எழும்பி விழுந்தது! உலகத்துப் பெரிய இயக்குநர்கள் கையாளுகிற முறை இது. அதைப் பாலமுனைக் கடற்கரையில் பதினேழு வயதுப் பிள்ளைகள் மணலில் கணக்குப் போட்டுச் செய்தார்கள். கணிதத்துக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

பெண் பிள்ளைகளின் பகுதி தனி அழகு. தங்கள் முகம் வர வேண்டாம் என்று அவர்கள் தாங்களாகவே தீர்மானித்தார்கள். அதனால் கைகள் மட்டும். பன்பாய் இழைக்கிற கை, நெல்லுப் புடைக்கிற கை, றபானில் தட்டுகிற கை, பிளேன்டீ ஊற்றுகிற கை. இழைக்கிற விரல்களைப் பக்கத்தில் போய் எடுத்த ஷொட்டில், பன் ஒன்றுக்குள் ஒன்று புகுவது அப்படியே கவியின் நடைக்குப் பொருந்தி வந்தது. முழு வீடியோவிலும் எனக்கு அதிகம் பிடித்த இடம் அதுதான். அந்த ஷொட்டை எடுத்ததும் ஒரு பெண் பிள்ளைதான்.

கடலை எடுப்பது இந்த ஊரில் சாதாரண விசயமும் இல்லை. 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமியில் இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிறு பிடித்துச் சிரிக்கிற அவர்களைப் பார்த்தபோது, இந்தக் கடலை நாங்களும் மறுபடி சந்தோசமாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மாணவர்கள் கூடிப் பாட்டு வீடியோ எடுப்பது உலகம் முழுக்க நடக்கிறது. 2009 இல் கனடாவின் மொன்றியலில் கியூபெக் பல்கலைக்கழக ஊடக மாணவர்கள் 172 பேர், ஒரு பாட்டு முழுவதையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷொட்டில், கட்டடம் முழுக்க ஓடியோடி எடுத்தார்கள். இரண்டேகால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒத்திகையின் அருமையை. அடுத்த நாளே பெரிய தாளில் கோடு போட்டு, எந்த அடிக்கு எந்த இடம், யார் எங்கே நிற்பது என்று எழுதி, போனைத் தொடாமல் முழுப் பாட்டையும் நடந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு படப்பிடிப்பு எவ்வளவு சுறுசுறுப்பாகப் போனது தெரியுமா!

எடிட்டிங்தான் எல்லாவற்றுக்கும் மகுடம். கலியாண வீடியோவில் நாங்கள் தாளத்தின் அடி விழுகிற இடம் பார்த்து வெட்டுவோம். கவிக்கு அந்த அடி இல்லை. மூத்தம்மா ஒரு சொல்லை இழுப்பா, நிறுத்துவா, பிறகு அடுத்ததை ஓடிப் பிடிப்பா. எடிட்டிங் செய்த பிள்ளை கண்ணை மூடித் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “காக்கா, மூத்தம்மா மூச்செடுக்கிற இடத்துல வெட்டுவம்.” எத்தனை வருசம் இந்தத் தொழிலில் இருந்தாலும் வராத ஞானம் அது! அவள் சொன்ன மாதிரியே மூச்சில் வெட்டினார்கள். றபானும் கம்பும் சேருகிற கடைசிப் பகுதியில் மட்டும் அடிக்கு வெட்டினார்கள். அதனால் வீடியோ முதலில் தனி ஆளின் மனமாக நடந்து, முடிவில் ஊராக எழும்புகிறது.

திரையிட்ட நாளன்று ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டி, புரொஜெக்டரில் போட்டார்கள். உம்மாமார், வாப்பாமார், சின்னஞ்சிறிசுகள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். வீடியோ ஓடி முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பி, கேட்ட கவிக்கு எதிர்க்கவி படித்தார்! அவர் முடிக்க முந்தி மறுபக்கத்திலிருந்து ஒரு மாமி தொடங்கிவிட்டா. பிள்ளைகள் போன்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பதிவு செய்ய. ஒரு பாடசாலை வேலை ஊரின் வாயைத் திறந்துவிட்டதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன். புள்ளிக்காக எழுதிய எந்தக் கோப்பு இதைச் செய்யும்?

அதனால்தான் ஆசிரியர்களிடம் இவ்வளவு ஆசையோடு சொல்கிறேன். அடுத்த தவணையில் இதைச் செய்யுங்கள். பாட்டு நாலு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முதலில் குரலை நல்லாகப் பதியுங்கள், பிறகு படத்தைப் பற்றி யோசியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். விடியலையும் பின்னேரத்தையும் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கெமரா தேவையில்லை, ரெஜிபோமும் தள்ளுவண்டிலும் போதும். பாட்டுக்கு எங்கும் அலைய வேண்டாம், ஊரிலேயே தேடுங்கள். மருதமுனையில் தறிச் சத்தம் இருக்கிறது, நிந்தவூரில் வயல் இருக்கிறது, ஒலுவிலில் வெளிச்சவீடு இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் கவி தெரிந்த ஒரு மூத்தம்மாவோ மூத்தப்பாவோ இருப்பார். பிள்ளைகளை இந்த வாரமே அவர்களிடம் அனுப்புங்கள். கெமராவைப் பிள்ளைகளிடம் விடுங்கள். எடிட்டிங்குக்கு லெப்டொப் வேண்டுமென்றால் நான் கொண்டு வருகிறேன்!