நான்காம் உலகத்தின் வரைபடம்

ட்ரம்பெட் என்றதும் படையும் அரண்மனையும்தான் ஞாபகம் வருகின்றன. ஆணையிடுகிற வாத்தியம் அது. ஜான் ஹாசல், பிரையன் ஈனோவுடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட ‘ஃபோர்த் வேர்ல்ட்: பாசிபிள் மியூசிக்ஸ்’ தொகுப்பை முதலில் கேட்டபோது ட்ரம்பெட் எப்ப வரும் எப்ப வரும்னு காத்திருந்தேன். அது ஏற்கனவே வந்துவிட்டிருந்தது, சங்கா தொண்டையா என்று பிரித்தறிய முடியாத காற்றாக.

இதை மின்னணு ஜாலம் என்று ஒதுக்க முடியாது. மெம்ஃபிஸில் 1937இல் பிறந்த ஹாசல் (மறைவு 2021), கொலோனில் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்; பிறகு கிரானா மரபுப் பாடகர் பண்டிட் பிரான்நாத்திடம் பயின்றார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில்தான் ராகம் உயிர்கொள்கிறது. ட்ரம்பெட்டின் மூன்று வால்வுகளோ படிக்கட்டு மாதிரி. அந்தப் படிக்கட்டில் குரலின் வழுக்கலை உதட்டாலும் மூச்சாலும் கொண்டுவருகிறார். ஜாஸ் சோலோவின் தனிநபர் சாகசம் கரைந்துவிடுகிறது. மையம் சிதைந்தது என்று நாம் உடனே எழுதிவிடலாம்.

நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். அட்டை தடுத்தது. சூடானில், கார்ட்டூமுக்குத் தெற்கேயுள்ள நிலத்தின் செயற்கைக்கோள் படம் அது. ஒரு இசைத்துண்டின் தலைப்பிலேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும். இன்னொன்றின் தலைப்பு, ‘பா-பென்செலே’, மத்திய ஆப்பிரிக்க வனமக்களின் பெயர். காது விட்டுக்கொடுத்த அதிகாரத்தைக் கண் மேலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆதியும் எதிர்காலமும் இணைந்த ஒலி என்பது ஹாசலின் கருத்தாக்கம். சரி, இதில் ‘ஆதி’ யார்? அவர்களுக்கு நிகழ்காலமே கிடையாதா?

தொகுப்பில் கடம் ஒலிக்கிறது. வாசித்தவர்கள் பிரேசிலின் நானா வாஸ்கான்சலோஸ், செனகலின் அயிப் டியெங். ‘நம்ம கடம்’ என்று எனக்குள் எழுந்த பெருமையையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. நம் கச்சேரி மேடை அதை மிருதங்கத்துக்குப் பின்னே உபபக்கவாத்தியமாகத்தானே உட்கார வைத்தது? மானாமதுரையில் மண்ணைத் தட்டித் தட்டி அதற்கு நாதம் ஏற்றுகிற கைகளின் பெயரை எந்தச் சபாவின் அழைப்பிதழில் பார்த்திருக்கிறோம்? உயரத்திலிருந்து பார்க்க செயற்கைக்கோள்தான் வேண்டும் என்பதில்லை, மேடையே போதும்.

இதனால் தொகுப்பைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இரண்டாம் பக்கம் முழுவதும் ஓடும் 21 நிமிட ‘சார்ம்’ துண்டில் அந்த மூச்சு யாரையும் ஆள முயலவில்லை என்றே எனக்குக் கேட்கிறது. தன் அட்டை சொல்வதை மறுக்கிற இசை அது. அந்த முரணோடு சேர்த்துத்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ராத்திரி மறுபடியும் போட்டுக் கேட்பேன். அட்டையையும் எதிரிலேயே வைத்துக்கொள்வேன்.