தோட்ட வாழ்வை மீள நடித்தல்: பொருளின் மெய்ம்மையும் வரலாற்றின் மெய்ம்மையும்

முன்னுரை

கடந்த காலத்து ஆடையணிந்து, அக்காலக் கருவிகளை ஏந்தி, நடந்தவற்றை மீண்டும் நடித்துக் காட்டுதலை வரலாற்று மீள்நடிப்பு எனலாம். மேலை நாடுகளில் இது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது. மலேசியத் தமிழரிடையே பள்ளி ஆண்டு விழாக்களிலும் பல்கலைக்கழகப் பண்பாட்டு இரவுகளிலும் இடம்பெறும் தோட்டக் காட்சிகள் இதற்கு நெருங்கியவை. அவற்றின் மெய்ம்மையை எதனைக் கொண்டு அளப்பது என்பதே நம் வினா.

பொருளின் மெய்ம்மை

வணிக வளாகங்கள் நிறைந்த இன்றைய பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்னும் பெயர்களின் சேர்க்கையே ஊர்ப்பெயராயிற்று என்பர். இங்கு வளரும் மாணவர்க்கு உளி, மங்கு, காண்டா ஆகியவை காணாத பொருள்கள். அவற்றைத் தேடிக் கொணர்ந்து மேடையேற்றுவது பாராட்டத்தக்கதே. ஆயினும் பல காட்சிகளில் முயற்சி அத்துடன் நின்றுவிடுகிறது. விடியலில் பெரட்டு, பகலில் பால்வெட்டு, மாலையில் கும்மி எனத் தோட்டம் இனியதோர் ஓவியமாகிறது. துரையும் கங்காணியும் நகைப்புக்கு மட்டுமே பயன்படுகின்றனர்.

விடுபடும் வரலாறு

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தை இங்கு நினைவுகூர வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய அப்போராட்டத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண் தொழிலாளர்க்குப் பாதுகாப்பு ஆகியனவும் கோரப்பட்டன. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி அதிகாரியைக் கண்டதும் இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். உளியும் மங்கும் பழையனவாக இருந்தும், மிதிவண்டியிலிருந்து இறங்க நேர்ந்த மனிதன் இடம்பெறாத காட்சியை மெய்யானது என நாம் ஏற்பதற்கில்லை.

சர்ச்சைக்குரிய வேடங்கள்

இழிவைக் காட்டினால் சமூகம் புண்படும் என்பர் சிலர். 2011இல் ‘இன்டர்லோக்’ நாவல் பாடநூலானபோது எழுந்த எதிர்ப்பை அவர்கள் சான்று காட்டுவர். எனினும், அவ்வெதிர்ப்பின் மையம் துன்பச் சித்திரிப்பு அன்று. குடியேறிய தமிழரைச் சாதிப் பெயரால் பொதுமைப்படுத்தியதே ஆகும். பொய்யான இழிவும் மெய்யான துன்பமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகம் 1994 அக்டோபரில் அடிமை ஏலமொன்றை நடித்துக் காட்டியபோது கறுப்பின உரிமை அமைப்புகள் எதிர்த்தன. அதனை முன்னின்று நடத்தித் தாமும் அடிமையாக நடித்த கிறிஸ்டி கோல்மன் கறுப்பினத்தவரே. காட்சியைக் கண்டபின் எதிர்ப்பாளருள் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். யார், எந்நோக்குடன் நடிக்கின்றனர் என்பது வேடத்தின் பொருளையே மாற்றவல்லது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

எனவே துரை, கங்காணி வேடங்களை விலக்குவதோ கேலியாக்குவதோ தீர்வாகாது. அவ்வேடம் ஏற்கும் மாணவர்க்கு அவ்வதிகாரம் எவ்வாறு இயங்கியது என்பதை ஆசிரியர் முன்னரே கற்பித்தல் வேண்டும். காட்சிக்குப் பின் கலந்துரையாடலும் வேண்டும். அங்ஙனமன்றி அரங்கேறும் தோட்டம், நம் முன்னோர் துன்புற்றதையும் மறைக்கும். அத்துன்பத்தை எதிர்த்து நின்றதையும் மறைக்கும்.